தேதி இடிக்கும்போது: பகுதிநேர கேப்டனோடு எந்த ஏற்பாடு ஒத்துவரும்?

சொந்தமாகப் பாய்மரப்படகு இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஒரு கேப்டனை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் படகு வெளியே போவதில்லை. இப்படி இருப்பவர்கள் பெரும்பாலும் பகுதிநேர கேப்டன் ஒருவரைத்தான் பிடிக்கிறார்கள். நல்ல ஆள் கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று தோன்றும். கொஞ்ச நாளில் வேறு சிக்கல் தலைதூக்கும்: நீங்கள் கேட்கிற சனிக்கிழமை அவர் வேறொருவர் படகில் இருப்பார், அவர் சும்மா இருக்கிற புதன்கிழமை உங்களுக்கு ஆபீஸ் இருக்கும், இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரே நாளில் காற்று 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டரில், அடிக்கும்.

இரண்டு பேரும் பார்க்கிற மாதிரி ஒரு காலண்டர் போட்டுவிட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். காலண்டர் வேண்டியதுதான், ஆனால் எந்தத் தேதி இடிக்கிறது என்று அது காட்டுமே தவிர, இடிக்காமல் பண்ணாது. அடியில் இருக்கிற விஷயம் பணம். பகுதிநேர கேப்டனுக்கு ஓட்டுகிற நாளுக்கு மட்டும்தான் கூலி. உங்களுக்காக ஒதுக்கிவைத்து, கடைசியில் நீங்கள் கூப்பிடாமல் விட்ட நாளில் அவருக்கு ஒரு காசும் வராது. அதனால் யார் முதலில் உறுதியாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த நாளைக் கொடுத்துவிடுவார், அதில் தப்பே இல்லை. ஆகவே கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ஓடாமல் போகிற நாளின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

முதலாவது, எல்லோரும் தொடங்குகிற இடம்: வேண்டும்போது கூப்பிடுவது, வந்த நாளுக்குக் கூலி. நஷ்டம் முழுக்கக் கேப்டன் தலையில், உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் கிடையாது. ஆனால் நல்ல காற்றும் நீண்ட விடுமுறையும் சேர்ந்து வருகிற நாட்களில் எல்லாப் படகுக்காரர்களும் அதே நாலைந்து கேப்டன்களைத்தான் தேடுவார்கள், அப்போது உங்கள் வரிசை கடைசியில் இருக்கும். தேதியைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு, 'அடுத்த மாதம் என்றைக்காவது ஒரு நாள் போனால் போதும்' என்று இருப்பவர்களுக்கு, இது நன்றாகவே ஒத்துவரும். விருந்தாளிகளை அழைத்து நாள் குறிக்கிறவர்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது, நாளை முன்கூட்டியே கட்டிப்போடுவது. ஒன்றுவிட்ட சனிக்கிழமை உங்களுடையது, படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கூலி உண்டு. நஷ்டம் முழுக்க உங்கள் தலைக்கு வந்துவிடும். கேப்டனுக்கு இது நிலையான வருமானம் என்பதால் மனசாரச் சம்மதிப்பார், தேதித் தகராறு ஏறக்குறைய நின்றுவிடும். குறை என்னவென்றால் கடல் உங்கள் சனிக்கிழமையைப் பார்த்து நடப்பதில்லை. இரண்டு மூன்று முறை பலத்த காற்றில் சனிக்கிழமை வீணாகப் போய், ஞாயிறும் திங்களும் பளிச்சென்று இருந்தால், காசு கொடுத்தும் போக முடியவில்லையே என்று வயிறு எரியும்.

தேதி ஏன் இவ்வளவு எளிதாக நழுவுகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலத்திலே வேலை செய்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடாது. உங்கள் கேப்டன் உங்கள் வேலைக்கு முந்தைய வாரம் இன்னொருவருடைய படகை 200 கடல் மைல் தள்ளி ஒரு துறையில் கொண்டுபோய் விட ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல், அது 40 மணி நேரப் பயணம். காற்று நேர் எதிரே திரும்பிவிட்டால் பாய்மரப்படகு அப்படியே நேராகப் போக முடியாது, ஒருமுறை இடப்பக்கம் ஒருமுறை வலப்பக்கம் என்று 45 பாகை சாய்த்துச் சாய்த்துத்தான் முன்னேற வேண்டும். அப்போது ஓடவேண்டிய தூரம் சுமார் 1.4 மடங்கு ஆகிவிடும்: 280 கடல் மைல், 56 மணி நேரம். வெள்ளி மத்தியானம் வந்து சேருகிறேன் என்று உண்மையாகவே நினைத்துச் சொன்ன மனிதர், சனிக்கிழமை விடிகாலையில் வந்து நிற்பார். அவர் ஏமாற்றவில்லை, காற்று மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் அவர் மேல் வருகிற கோபம் பாதி குறைந்துவிடும். அதோடு, தொலைதூர வேலை முடிந்த மறுநாளே உங்கள் பயணத்தை வைக்கக் கூடாது என்பதும் புரியும்.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, தூக்கம். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதிகள் எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் 77 மணி நேர ஓய்வு என்று சொல்கின்றன. வியாபாரத்தில் ஈடுபடாத சொந்த உல்லாசப் படகுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனாலும் அளவுகோலாக அதை வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இரவு கண் விழித்துவிட்டு வருகிறவரிடம் உங்கள் பிள்ளைகளையும் படகையும் ஒப்படைப்பதைவிட அன்றைய பயணத்தை விட்டுவிடலாம்.

அப்புறம் ஏற்றவற்றம். 'சரி, இந்தச் சனிக்கிழமை முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போவோம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிற கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்கு ஏறக்குறைய முழுக்க வற்றியிருக்கும். முகத்துவாரம் ஆழமில்லாத துறையாக இருந்தால் படகின் அடி தட்டிவிடும், வெளியே போகவே முடியாது. இரண்டு வாரம் தள்ளிவைத்தால் ஏற்றம் கிட்டத்தட்ட பழைய நேரத்துக்கே திரும்பி வந்திருக்கும். ஆழம் குறைந்த துறையில் படகு கட்டியிருப்பவர்கள் மாற்றுத் தேதி பேசும்போது ஒரு வாரம் தள்ளாமல் இரண்டு வாரம் தள்ளிப் பாருங்கள், பல சமயம் அதுதான் பொருந்தும்.

மூன்றாவது ஏற்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் இதுதான். மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பதிலாக அவருடைய தேதிகளில் உங்களுக்கு முதல் உரிமை. வேறு யாராவது அவரிடம் ஒரு நாளைக் கேட்டால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவர் சம்மதம் சொல்வார், நீங்கள் 24 மணி நேரத்துக்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று பதில் சொல்ல வேண்டும். ஓட்டுகிற நாளுக்குக் கூலி தனி. நஷ்டத்தை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் கூலியை ஒரு பங்கு என்று வையுங்கள், வருஷத்துக்கு 20 நாள் போக ஆசை என்று வையுங்கள். வேண்டும்போது கூப்பிட்டால் 20 பங்கு, ஆனால் கேட்ட 20 நாளும் கிடைக்காது. ஒன்றுவிட்ட சனிக்கிழமையைக் கட்டிப்போட்டால் 26 பங்கு, காற்றும் மழையும் தின்ற நாள் போக மிச்சம்தான் உங்களுக்கு. மாதம் அரைப் பங்கு கொடுத்து முதல் உரிமை வாங்கினால் 6 பங்கும் ஓடிய 20 நாளுக்கு 20 பங்கும் சேர்ந்து அதே 26 தான், ஆனால் நாளைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அதே ஏற்பாட்டை வருஷத்துக்கு 8 நாள் மட்டும் போகிறவர் செய்தால் 14 பங்கு ஆகும், ஒரு நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அவருக்கு இது வேண்டாத செலவு.

நான்காவது: இரண்டாவது கேப்டன் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்வது. இதை மேலே சொன்ன எந்த ஏற்பாட்டோடும் சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் போன் நம்பர் மட்டும் கையில் இருந்தால் அவர் மாற்று ஆள் ஆகிவிட மாட்டார். உங்கள் படகை முதல் தடவை பார்க்கிற ஒரு கேப்டன், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், காலை 7 மணிக்கு மேல்தளத்தில் ஏறி நிற்கும்போது அவருக்கு என்னென்ன தெரியாது என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரியின் மெயின் சுவிட்ச் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறதா, மேஜைக்குப் பின்னாலா? என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வருகிற வால்வைப் போன தடவை மூடிவிட்டுப் போனார்களா? அது மூடியிருக்கும்போது என்ஜினைப் போட்டால் தண்ணீர் இல்லாமல் சுற்றி, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) சீக்கிரமே பிய்ந்துவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் படகின் பின்பக்கம் எந்தப் பக்கமாக இழுக்கும்? டீசல் முள் பாதியில் நிற்கிறதே, அதை நம்பலாமா? முன்பாயைச் சுருட்டுகிற கயிறு கப்பியில் உரசி நைந்துபோயிருப்பது உங்களுடைய வழக்கமான கேப்டனுக்குத் தெரியும், அவர் அதற்குத் தக்கபடி இழுப்பார், புதியவர் பலத்த காற்றில் சட்டென்று இழுத்தால் கயிறு அறும்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, படம் எடுத்து ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுப் படகிலேயே வைத்துவிடலாம். எழுதச் சொல்லவேண்டியது வழக்கமான கேப்டனிடம். அந்த வேலைக்கு அவருக்கு அரை நாள் கூலி கொடுங்கள், சும்மா எழுதித் தரச் சொல்லாதீர்கள். அப்புறம் சீசன் தொடங்குவதற்கு முன்பே, யாரும் அவசரப்படாத ஒரு நாளில், இரண்டாவது கேப்டனைக் கூலிக்கு அழைத்து முதல் கேப்டனோடு சேர்ந்து ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் கூலி என்பதால் செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற செலவுகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்று நம்புகிறேன்.

கூடவே இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் யார் யார் படகை ஓட்டலாம் என்று பெயர் குறிப்பிட்டிருக்கும், அல்லது புதிய கேப்டனின் அனுபவ விவரத்தை அனுப்பி முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி மாற்று ஆள் தேடும்போது அந்தச் சம்மதம் கிடைக்காது. இரண்டாவது கேப்டனின் சான்றிதழ், அது காலாவதியாகும் தேதி, ஓட்டிய படகுகளின் விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துவிடுங்கள். சரி, இதனால் வழக்கமான கேப்டன் மனம் நோக மாட்டாரா என்று சிலர் தயங்குகிறார்கள். ஒளித்து மறைத்துச் செய்தால் நோகும். 'உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் யாரை நம்பலாம், நீங்களே ஒருவரைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒரு பெயரைச் சொல்வார்கள், அந்தப் பெயரும் நல்ல பெயராகவே இருக்கும்.

இன்னொரு படகுக்காரரோடு சேர்ந்து ஒரே கேப்டனை முழுநேரமாக வைத்துக்கொள்வது ஐந்தாவது வழி. சம்பளத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், கேப்டன் வேறெங்கும் போக மாட்டார். ஒருவர் வாரநாளிலும் மற்றவர் வாரக் கடைசியிலும் போகிறவர்களாக இருந்தால் அருமையான ஏற்பாடு. இரண்டு பேருக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில்தான் படகு வேண்டுமென்றால் செய்யாதீர்கள், முன்பு கேப்டனோடு இருந்த தகராறு இப்போது நண்பரோடு வரும், அது இன்னும் மோசம்.

ஏஜென்சி மூலமாக ஆள் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாராவது ஒருவரை நிச்சயம் அனுப்புவார்கள், அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு முகம் வரலாம். படகைப் பழகிய கை என்ற லாபம் போய்விடும்.

கடைசி வழியை மறக்க வேண்டாம்: நீங்களே கொஞ்சம் ஓட்டக் கற்றுக்கொள்வது. முழு கேப்டன் ஆக வேண்டியதில்லை. முறையாகப் பயிற்சி எடுத்து, உங்கள் ஊர்ச் சட்டமும் இன்சூரன்ஸும் அனுமதித்தால், லேசான காற்றில் துறைக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் சுற்றிவரும் அளவுக்குத் தேறிவிட்டாலே, கேப்டன் தேவைப்படுகிற நாட்களின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். வழக்கமான கேப்டனிடமே ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ளலாம். தன் வேலை போய்விடுமோ என்று அவர் நினைக்காமலிருக்க, நீண்ட பயணங்கள் எப்போதும் அவருடையவைதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு ஏற்பாடு செய்த பிறகும் தேதி இடிக்கத்தான் செய்யும். அப்போது என்ன செய்வது என்பதிலும் மூன்று வழி இருக்கிறது, மூன்றும் சமம் இல்லை. பகல் பொழுது பயணம் என்றால், நீங்களும் குடும்பமும் மட்டும்தான் என்றால், தேதியை மாற்றுவதே நல்லது, பழகிய கேப்டனோடு போகிற சுகம் தனி. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்றால் இரண்டாவது கேப்டனைக் கூப்பிடுங்கள், அவரைத் தயார் செய்து வைத்தது இதற்காகத்தான். இரண்டாமவரும் இல்லையென்றால் படகைக் கட்டிய இடத்திலேயே வைத்துக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். படகைத் தெரியாத யாரோ ஒருவரைக் கடைசி நிமிஷத்தில் பிடித்துப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிளம்புகிற தேதி இடிப்பதைவிட ஆபத்தானது திரும்புகிற தேதி இடிப்பது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இரண்டு நாள் பயணம் போயிருக்கிறீர்கள், ஞாயிறு மத்தியானம் காற்று 12 நாட்டிலிருந்து 24 நாட்டுக்கு ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பாயின் மேல் விழுகிற விசை நான்கு மடங்கு ஆகும். கேப்டனுக்குத் திங்கள் காலை வேறு வேலை இருக்கிறது, உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, இரண்டு பேருமே மனசுக்குள் 'போய்விடலாம்' என்று நினைக்கிறீர்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை. விபத்து நடக்க இந்த நிலைமையே போதும். கப்பலின் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கிற முடிவில் உரிமையாளர் குறுக்கிடக் கூடாது என்று சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயமே சொல்கிறது. ஆனால் கேப்டனுக்கே வீட்டுக்குப் போகிற அவசரம் இருந்தால் எந்த விதியும் உதவாது. அதனால் இரவு தங்கிவருகிற எந்தப் பயணத்துக்கும் இரண்டு விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒன்று, திரும்புகிற நாளுக்கு அடுத்த நாளையும் கேப்டன் காலியாக வைத்திருக்க வேண்டும், அதற்கு அரைக்கூலி நீங்கள் கொடுக்க வேண்டும். இரண்டு, தேவைப்பட்டால் படகை அங்கேயே ஒரு துறையில் கட்டிவிட்டு எல்லோரும் தரைவழியாக வீடு திரும்பலாம், காற்று அடங்கிய பிறகு கேப்டன் போய்ப் படகைக் கொண்டுவருவார், அந்த நாளுக்கும் கூலி உண்டு.

ரத்து செய்வதற்கான விதிகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. என் கணக்கில் நியாயமாகப் படுவது இது: ஒரு வாரத்துக்கு முன் நீங்கள் ரத்து செய்தால் ஒன்றும் இல்லை, அதற்குள் என்றால் பாதிக்கூலி, கடைசி 48 மணி நேரம் என்றால் முழுக்கூலி. கேப்டன் ரத்து செய்தால் இரண்டாவது கேப்டனிடம் பேசி வரவழைப்பது அவர் பொறுப்பு. காற்றால் ரத்தானால் முடிவு கேப்டனுடையது, அதற்காக அவர் கூலி முழுக்கப் போகக் கூடாது. ஏனென்றால் போகாவிட்டால் காசு இல்லை என்று வைத்தால், போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர் தருகிற பதில் மெல்ல மெல்ல மாறத் தொடங்கும். மாற்றுத் தேதியில் முதல் இடம் உங்களுக்கு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

உறுதி செய்வதை மூன்று கட்டமாக வைத்தால் தடுமாற்றம் குறையும். தேதியை ஒரு மாதம் முன்பு குறித்துக்கொள்வது, மூன்று நாள் முன்பு வானிலை பார்த்துப் பேசுவது, முந்தின நாள் சாயங்காலம் முடிவு சொல்வது. பத்து நாள் முன்பே வானிலை ஆப்பைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் களைத்துப்போவீர்கள், அவ்வளவு தொலைவில் காற்றுக் கணிப்பை நம்பித் தேதியை மாற்றவும் முடியாது. அனுப்புகிற செய்தியிலும் 'சனிக்கிழமை வரமுடியுமா' என்று மொட்டையாகக் கேட்காமல், 'சனி காலை 7க்குக் கிளம்பி மாலை 5க்குள் திரும்ப நினைக்கிறோம், பெரியவர்கள் 4, சின்னவர்கள் 2, தாமதமானால் 7 வரை உங்களால் இருக்க முடியுமா' என்று கேளுங்கள். அன்று ராத்திரி அவருக்கு வேறு வேலை இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்.

ஆக, வருஷத்துக்குப் பத்து நாளுக்குள் போகிறவர்கள் கூப்பிடும்போது வருகிற ஏற்பாட்டிலேயே இருக்கலாம், கூடத் தயாரான இரண்டாவது கேப்டன் ஒருவர், அதோடு தேதியை மாற்றிக்கொள்கிற மனசு. பதினைந்திலிருந்து முப்பது நாள் போகிறவர்களுக்கு மாதத் தொகை கொடுத்து முதல் உரிமை வாங்குவதே என் தேர்வு. ஒரே கிழமையில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் நாளைக் கட்டிப்போடுங்கள், வீணாகிற நாளுக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு. ஐம்பது நாளைத் தாண்டினால் பகுதிநேரம் என்ற எண்ணத்தையே விட்டு, பங்குக்கு ஆள் சேர்த்தோ சேர்க்காமலோ முழுநேர கேப்டனைப் பற்றி யோசிக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் பேசிக்கொள்ளுங்கள், அது முடிகிற தேதியை இப்போதே காலண்டரில் போட்டு, அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து எந்தெந்த நாள் இடித்தது, ஏன் இடித்தது என்று பார்த்துத் தொகையையும் விதியையும் திருத்திக்கொள்ளுங்கள்.